முன்பனியும் பின்பனியும்: ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகட்டின் பருவ நிலவரம்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவின் ஏரிகள் நிறைந்த மலைநாட்டில் இருக்கும் ஹெல்வெல்லின் மலையின் உயரம் 950 மீட்டர். ஏற்காடு இதைவிட உயரத்தில் இருக்கிறது. உதகையின் உயரத்தில் இது பாதிகூட இல்லை. ஆனால் இந்த மலை பூமத்திய ரேகையிலிருந்து ஐம்பத்து நான்கு பாகைக்கும் வடக்கே, அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று நேராக வந்து மோதும் இடத்தில் நிற்கிறது. ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் கிழக்கு முகம், ஆல்ப்ஸ் மலைகளில் பயன்படுத்தும் கருவிகளும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் இல்லாமல் கால் வைக்கக் கூடாத இடமாக மாறக்கூடும். அந்தக் கிழக்கு முகத்தின் மீது ஏறிச்செல்லும் கூர்மையான பாறை முகடுதான் ஸ்ட்ரைடிங் எட்ஜ். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரிசையில் நின்று ஏறும் அதே முகட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குளிர்காலம்தோறும் மீட்புக் குழுக்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எவ்வளவு பனி விழுந்தது என்பதை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. விழுந்த பனிக்கு அதன்பின் என்ன நேர்ந்தது, அது முகட்டின் எந்தப் பகுதியில் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டையும் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் வழியின் அமைப்பு. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருக்கும் கிளென்ரிடிங் அல்லது பேட்டர்டேல் கிராமத்திலிருந்து புறப்படுபவர்கள், புல்சரிவுகளில் நெடுநேரம் ஏறி, மேய்ச்சல் நிலத்தின் கற்சுவரில் உள்ள ‘ஹோல்-இன்-த-வால்’ என்ற திறப்பை அடைகிறார்கள். அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பும் முகடு படிப்படியாகக் குறுகி, 863 மீட்டர் உயரமுள்ள ‘ஹை ஸ்பையிங் ஹவ்’ என்ற மேட்டுக்குப் பிறகு உண்மையிலேயே கத்தி முனைபோல ஆகிறது. வலப்பக்கம் கீழே ரெட் டார்ன் என்ற சிறு மலையேரி. இடப்பக்கம் நெதர்மோஸ்ட் கோவ் என்ற ஆழமான குடைவு. பாறைகளில் கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய இவ்வகைப் பயணத்தை ஸ்க்ராம்பிளிங் என்கிறார்கள். அதன் மூன்று தரங்களில் மிக எளிய முதல் தரத்தில்தான் ஸ்ட்ரைடிங் எட்ஜ் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தரம் உலர்ந்த கோடைப் பாறைக்குத் தரப்பட்டது. குளிர்காலத்துக்கு அதில் எந்தப் பொருளும் இல்லை என்பதை வழிகாட்டி ஏடுகளை மேலோட்டமாகப் புரட்டுபவர்கள் கவனிப்பதில்லை.

இந்த மலையை மேற்கிலிருந்து பார்ப்பவருக்கும் கிழக்கிலிருந்து பார்ப்பவருக்கும் இது ஒரே மலை என்று தோன்றாது. மேற்கு முகம் உருண்டு சரியும் புல்வெளி; கிழக்கு முகம் செங்குத்தான பாறைச் சுவர்களும் குடைவுகளும் கொண்டது. இதற்குக் காரணம் காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் காற்று, அகன்ற உச்சி மேட்டில் விழும் பனியை வாரிக்கொண்டு போய் மறுபுறத்தில் கொட்டுகிறது. பனியுகத்தில் அவ்வாறு கொட்டப்பட்ட பனி, வெயில் குறைவாகப் படும் வடக்கு, கிழக்கு முகங்களில் உருகாமல் சேர்ந்து, இறுகிப் பனியாறுகளாகி, ஏறத்தாழ 45 கோடி ஆண்டுப் பழமையுள்ள எரிமலைப் பாறையைக் குடைந்தது. அருகருகே இருந்த இரண்டு பனியாறுகள் இருபுறமும் அரித்துத் தின்ற பிறகு நடுவில் மிஞ்சிய மெல்லிய சுவர்தான் ஸ்ட்ரைடிங் எட்ஜ். பனியாறுகள் மறைந்து பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன என்றாலும் காற்று தன் வேலையை நிறுத்தவில்லை. இன்றும் மேற்கே விழும் பனி கிழக்கேதான் போய்ச் சேர்கிறது. ஆகவே, காரை நிறுத்தும் இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து “மேலே அவ்வளவாகப் பனி இல்லையே” என்று சொல்பவர் பெரும்பாலும் காற்று துடைத்துவிட்ட பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பனியைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிக்கும், மார்கழி விடியலில் சாலையை மறைக்கும் மூட்டத்துக்கும், உதகையில் தை மாதத்தில் புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனிக்கும், வானத்திலிருந்து பஞ்சாக விழுவதற்கும் நாம் ‘பனி’ என்ற ஒரே சொல்லைத்தான் நீட்டுகிறோம். ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தபோது மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும் வேறுபடுத்தினார்கள். முன்னதில் முன்னிரவிலும் பின்னதில் பின்னிரவிலும் பனி மிகும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வேறு தட்பவெப்பத்துக்காக வகுத்த இந்தப் பிரிவை ஒரு வசதிக்காக ஹெல்வெல்லினுக்குக் கடன் வாங்கினால், அது வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. இங்கும் டிசம்பர், ஜனவரியில் கிடக்கும் பனி வேறு. பிப்ரவரிக்குப் பின்னர் கிடக்கும் பனி வேறு.

புதிதாக விழுந்த பனி மென்மையானது. அதில் கால் புதையும், நடை களைப்பூட்டும், ஆனால் சறுக்கி விழுந்தால் உடம்பு சில அடிகளில் நின்றுவிடும். அதே பனியைக் காற்று தூக்கி உருட்டிச் செல்லும்போது படிகங்களின் முனைகள் உடைந்து, பொடியாகி, மறுபக்கச் சரிவில் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் பலகைபோன்ற பாளமாக மாறுகிறது. பார்க்க உறுதியாகத் தோன்றும் அந்தப் பாளம் அடியில் உள்ள பழைய பனியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்னர் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போய் மழையோ ஈரக்காற்றோ வந்தால், நீர் பனிக்குள் இறங்கிப் படிகங்களின் இடைவெளிகளை நிரப்புகிறது. அன்றிரவே மேகம் விலகி வானம் வெளுத்தால் மொத்தமும் உறைந்து கல்லாகிறது. இவ்வாறு சில முறை உருகி உறைந்த கெட்டிப் பனியை மலையேறிகள் ‘நெவே’ என்கிறார்கள். சரியான கருவி உள்ளவர்களுக்கு நெவேயைப்போல் இனிய தளம் வேறில்லை. காலணியின் அடியில் கட்டிக்கொள்ளும் இரும்புப் பற்களான பல்லாணிகள் (கிராம்பான்) ‘கரக்’ என்று கடித்துப் பிடிக்கும். வெறும் காலணியோடு வந்தவருக்கு அது எண்ணெய் தடவிய ஓட்டுக்கூரை. ஏறக்குறைய நாற்பது பாகைச் சரிவில், உராய்வு மிகக் குறைந்த கெட்டிப் பனியில் சறுக்கத் தொடங்கும் உடல், இரண்டு விநாடிகளுக்குள் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். தடுத்து நிறுத்திக்கொள்ள முதல் விநாடியில் முடியவில்லையென்றால், அதன்பின் பெரும்பாலும் முடியாது.

பிரிட்டனின் மலைகள் இந்த விஷயத்தில் ஆல்ப்ஸைவிட ஏமாற்றுத்தன்மை கொண்டவை என்பது என் எண்ணம். உள்நாட்டு உயர்மலைகளில் குளிர் ஒருமுறை வந்தால் தங்கிவிடுகிறது. பனி அடுக்கடுக்காக மாதக்கணக்கில் சேர்கிறது. கடற்காற்றின் ஆதிக்கத்தில் இருக்கும் இங்கோ, உறைநிலைக் கோடு ஒரே வாரத்தில் மலையடிவாரத்துக்கும் உச்சிக்கு வெகு மேலும் மாறி மாறிப் போய் வரும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்ற கணக்கில், ஏரிக்கரைக்கும் உச்சிக்கும் இடையே உள்ள எண்ணூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து பாகை வேறுபாடு வரும். கிராமத்தில் 4 பாகையில் தூறல் விழுகிறதென்றால் உச்சியில் பனி விழுந்துகொண்டிருக்கும். கிராமத்தில் 9 பாகை என்றால் உச்சியிலும் மழை. உருகுவதும் உறைவதும் இப்படி ஓயாமல் நடப்பதால், சனிக்கிழமை பார்த்த மலை ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பதில்லை.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை, பாறை உலர்ந்திருந்து காற்று அடங்கியிருந்தால், உயரம் கண்டு தலை சுற்றாத எவரும் நிதானமாக இந்த முகட்டைக் கடக்கலாம். நெடுங்காலமாக எண்ணற்ற காலணிகள் தேய்த்துத் தேய்த்துப் பாறைகள் பல இடங்களில் வழுவழுப்பாகிவிட்டன. மழை பெய்த பிறகு அவை வழுக்கும். முகட்டின் உச்சிவழியில் நடக்கத் தயங்குபவர்களுக்காக, வலப்புறத்தில் சற்றுக் கீழே, ரெட் டார்ன் பக்கச் சரிவை ஒட்டி ஒரு பக்கவழி தேய்ந்து உருவாகியிருக்கிறது. கோடையில் அச்சமுள்ளவர்களுக்கு அதுவே துணை. குளிர்காலத்தில் அந்தப் பக்கவழி என்ன ஆகிறது என்பதுதான் இங்கே முக்கியம் என்பதால் அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் பனிக்கு முன்பாகவே பனிக்கட்டி வந்துவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் பெய்யும் கனமழையால் சரிவுகளில் ஊற்றுகள் கசிந்துகொண்டே இருக்கும். வானம் தெளிந்த முதல் குளிரிரவில் அந்தக் கசிவுகள் பாதையின் குறுக்கே உறைந்து கிடக்கும். பாறையின் மேல் படியும் மெல்லிய, நிறமற்ற கண்ணாடிப் படலம் அதைவிட மோசமானது. பல்லாணி கடிப்பதற்கும் அதில் தடிமன் இருக்காது, வெறும் காலணிக்கும் பிடி இருக்காது. முகட்டின் மீது, நெதர்மோஸ்ட் கோவ் பக்கமாக ஓர் இரும்பு நினைவுச்சின்னம் நிற்கிறது. பேட்டர்டேலைச் சேர்ந்த ராபர்ட் டிக்சன் என்பவர் நரிவேட்டை நாய்களைப் பின்தொடர்ந்து வந்தபோது அந்த இடத்தில் இறந்தார் என்றும், நாள் 1858 நவம்பர் 27 என்றும் அதில் பொறித்திருக்கிறது. அன்று பாறை எப்படி இருந்தது என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் நவம்பர் கடைசி என்பது இம்முகட்டில் ஒவ்வோர் ஆண்டும் நிலைமை திரும்பும் காலம்; பகல்பொழுதும் அப்போது எட்டு மணி நேரத்தை ஒட்டிச் சுருங்கிவிடும். டிசம்பர் நடுவில் நண்பகல் கழிந்து நான்கு மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடும். கோடையில் ஆறு மணி நேரம் பிடிக்கும் சுற்று, பனியில் எட்டு மணி நேரமாகலாம். எனவே பலருக்கு இறங்குவழியில் கண் தெரியாமல் போகிறது.

முன்பனிக் காலத்தில் முகட்டின் இரு வழிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. காற்றுக்கு நேராக நிற்கும் உச்சிப் பாறைகளில் பனி தங்குவதில்லை. தங்கினாலும் மெல்லிய பூச்சாகவும் காற்றை எதிர்த்து வளரும் வெண்ணிற முட்களாகவும்தான் இருக்கும். அச்சமுள்ளவர்களுக்கான பக்கவழியோ காற்று மறைவில், வெயில் படாத வடக்குச் சரிவில் இருப்பதால், வாரிவந்த பனி முழுவதும் அதன்மேல் கொட்டிக் கிடக்கும். பாதை என்ற தட்டையான தடமே மறைந்து, மேலே உள்ள பாறையிலிருந்து கீழே உள்ள ஏரி வரை ஒரே சாய்வாகப் பனி நிரவியிருக்கும். கோடையில் எளிதாக இருந்தது என்ற நினைவோடு அந்தப் பக்கம் ஒதுங்குபவர், பிடித்துக்கொள்ளப் பாறையும் இல்லாத, தவறினால் நிற்க இடமும் இல்லாத சரிவின் குறுக்கே நடக்கிறார். பழகியவர்கள் பனிக்காலத்தில் கூடிய மட்டும் உச்சிவழியிலேயே போவதன் காரணம் துணிச்சல் அன்று. பிடிப்பதற்கு ஏதாவது இருக்கும் இடம் அதுதான்.

இருந்தாலும் முகட்டின் கடுமையான இடம் முகட்டில் இல்லை. அது முடியும் இடத்தில் இருக்கிறது. படங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் கூர்முனை முடிந்ததும், சில மீட்டர் உயரமுள்ள குறுகிய பாறை இடுக்கு ஒன்றில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி இறங்க வேண்டும். கோடையில் பலர் தயங்கி நிற்கும், குளிர்காலத்தில் கைப்பிடிகளில் பனிக்கட்டி அடைந்து கிடக்கும் இந்த இடுக்கைக் கடந்தவுடன், கஷ்டம் தீர்ந்தது என்ற நிம்மதி பிறக்கிறது. எதிரே இருப்பது உச்சி மேட்டுக்கு ஏறும், நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான கடைசிச் சரிவு மட்டுமே. கோடையில் அது சிதறிய கற்களுக்கிடையே வளைந்து ஏறும் ஒரு சாதாரண ஏற்றம். ஆனால் கிழக்கு நோக்கிய இச்சரிவின் தலைமாட்டில்தான் உச்சி மேட்டின் பனி முழுவதும் வந்து விழுகிறது. பாதையும் கற்களும் புதைந்து, செங்குத்தான ஒரே பனிச்சுவராக ஆகிவிடும் அந்தச் சரிவில், கைகளுக்கு வேலை தந்துகொண்டிருந்த பாறை திடீரென்று இல்லாமல் போகிறது. பனிக்கோடரியும் பல்லாணியும் இல்லாமல் முகட்டைக் கடந்துவிட்டவர்கள் இங்கே வந்து சேரும்போது, மேலே போகவும் முடியாமல், இறங்கிவந்த இடுக்கில் திரும்ப ஏறவும் மனமில்லாமல் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

அந்தச் சுவரின் விளிம்பில் கார்னிஸ் தொங்கும். ஓலைக் குடிசையின் இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோல, உச்சி மேட்டின் ஓரத்தைத் தாண்டிக் காற்று கட்டும் பனி நீட்சி அது. கீழிருந்து ஏறுபவருக்கு அது தலைக்கு மேல் தடை. மேலே நடப்பவருக்கோ அது தரை என்ற பொய். ஹெல்வெல்லினின் உச்சி எவ்வளவு தட்டையானது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் என்ற இருவர் ஒரு சிறு விமானத்தை இந்த உச்சியில் இறக்கி, மறுபடி கிளப்பிக்கொண்டு போனார்கள். அதைச் சொல்லும் கல் இன்றும் அங்கே இருக்கிறது. விமானம் ஓடுமளவுக்கு அகன்ற அந்த வெளி, கிழக்கே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அறுந்து விழுகிறது. மேகமும் பனியும் சேர்ந்து மண்ணும் வானும் ஒரே வெள்ளையாகிவிடும் நாளில், காற்று மறைவுக்காகக் கட்டப்பட்ட சிலுவை வடிவக் கற்சுவருக்கும் செங்குத்துக்கும் இடையே உள்ள சில எட்டுகளை அளந்து வைக்க வேண்டும். திசைகாட்டியைக் கையில் பிடித்து, விளிம்பிலிருந்து தாராளமாக விலகி நடப்பதுதான் அங்கே வழக்கம்.

இறங்குவழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வழக்கமான சுற்று, ரெட் டார்னின் மறுகரையில் உள்ள ஸ்விரல் எட்ஜ் வழியாக இறங்கி முடிகிறது. ஸ்ட்ரைடிங் எட்ஜைவிடக் குட்டையான, பெயரும் குறைந்த இந்த முகடு, பனிக்காலத்தில் அதற்குச் சற்றும் சளைத்ததில்லை. இதன் தலைப்பிலும் பனி நிரம்பி, விளிம்பிலிருந்து முதல் சில எட்டுகளைச் செங்குத்தாக ஆக்கிவிடும். கால் தவறினால் ஒருபுறம் ரெட் டார்ன், மறுபுறம் பிரவுன் கோவ். ஏறும்போது கண் முன்னே இருக்கும் சரிவு, இறங்கும்போது காலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. களைப்பும் மங்கும் வெளிச்சமும் கூடவே சேர்கின்றன. பனி நிறைந்த நாட்களில் உச்சியிலிருந்து வடக்கே லோயர் மேன், வைட் சைட் வழியாக நடந்து, பழைய மட்டக்குதிரைப் பாதையில் கெப்பல் கோவுக்கு இறங்கிக் கிளென்ரிடிங் சேர்வது சற்று நீளமான வழிதான். ஆனால் நான் அறிந்தவரை, மலையை நன்கு தெரிந்தவர்கள் அந்தக் கூடுதல் நடையைப் பெரிதாகக் கருதுவதில்லை.

பனிச்சரிவு என்றால் இமயத்தையும் ஆல்ப்ஸையும் நினைப்பவர்களுக்கு, 950 மீட்டர் மலையில் அது நிகழும் என்பது வியப்பாக இருக்கலாம். பாளப் பனி சரியக்கூடிய சாய்வு பெரும்பாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை. ரெட் டார்னைச் சூழ்ந்த சுவரில் இந்தச் சாய்வு ஏராளம். பலத்த மேற்குக் காற்றோடு பனி பெய்து ஓய்ந்த ஒரு நாள், அல்லது அதன் மறுநாள், அந்தச் சரிவுகளில் நிற்கக் கூடாத நேரம். ஸ்காட்லாந்தில் ஆறு மலைப்பகுதிகளுக்குக் குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவு முன்னறிவிப்பு நாள்தோறும் வெளியாகிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு அப்படியொரு தனிச் சேவை இல்லை. இங்கு வருபவர் காற்றின் திசையையும் முந்தைய நாட்களின் பனிப்பொழிவையும் தாமே கூட்டிக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

ஆனால் வேறொன்று இருக்கிறது, அது அருமையானது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா நிர்வாகம் குளிர்காலத்தில், டிசம்பர் முதல் ஏறக்குறைய ஈஸ்டர் வரை, நாள் தவறாமல் ஒருவரை ஹெல்வெல்லின் உச்சிக்கு அனுப்புகிறது. ‘ஃபெல் டாப் அசெஸர்’ எனப்படும் இவர்கள் முறை வைத்து ஏறி, உச்சியின் வெப்பநிலை, காற்றின் வேகம், காற்றால் உணரப்படும் குளிர், பனியின் ஆழம், எந்த உயரத்திலிருந்து பனி தொடங்குகிறது, அது கெட்டியா மென்மையா, கார்னிஸ் எங்கே வளர்ந்திருக்கிறது என்பனவற்றை எழுதி, ‘வெதர்லைன்’ என்ற சேவையில் படங்களோடு வெளியிடுகிறார்கள். கருவிகள் தானாக அனுப்பும் எண்களைவிட, காலணியால் உதைத்துப் பார்த்த ஒருவரின் இரண்டு வரிகள் மதிப்புள்ளவை. இதே மலையின் ரெட் டார்ன் முகத்தில், பிரிட்டிஷ் மலையேற்ற மன்றம் மண்ணின் வெப்பநிலையை அளக்கும் உணரிகளைப் பதித்திருக்கிறது. அதன் நோக்கம் வேறு. மண்ணும் புல்கற்றைகளும் நன்றாக உறையாத நாளில் பனிக்கோடரியோடு ஏறினால், பனியுகத்துக்குப் பின் இந்தப் பாறை இடுக்குகளில் ஒதுங்கி வாழும் அரிய மலைச்செடிகள் பெயர்ந்துவிடும் என்பதற்காக வைத்தது.

அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. பலர் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறார்கள். உச்சியில் −3 பாகை, மேற்குக் காற்று மணிக்கு 56 கிலோமீட்டர் என்று ஒரு நாளை வைத்துக்கொள்வோம். தோலுக்கு அது −13 பாகையை ஒட்டிய குளிர். கையுறையைக் கழற்றி வரைபடம் பார்ப்பது சில விநாடிக்கு மேல் தாங்காது. முகட்டின் கூர்முனையில் நிமிர்ந்து நிற்பதும் கடினம். இதோடு முந்தைய மூன்று நாள் அறிக்கைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேற்று உச்சியில் +3 பாகையும் மழையும் இருந்து இன்று −3 என்றால் மலை முழுவதும் கெட்டிப்பட்டிருக்கிறது. நேற்றும் −3, இரவெல்லாம் காற்றோடு பனிப்பொழிவு என்றால் கிழக்குச் சரிவுகளில் பாளங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு நாட்களின் எண்ணும் ஒன்றே, ஆபத்து வேறு. முதல் வகை நாளில் சறுக்கல், இரண்டாம் வகை நாளில் பனிச்சரிவு.

கருவிகளைப் பற்றிய குழப்பம் ஆண்டுதோறும் தொடர்கிறது. ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோத்து, எந்தக் காலணிக்கும் மாட்டிக்கொள்ளத் தோதாக விற்கப்படும் மைக்ரோஸ்பைக், பனிக்கட்டி படிந்த தட்டையான பாதைகளுக்கு மிக நல்லது. நாற்பது பாகைச் சுவருக்கு அது உதவாது: முட்கள் குட்டை, முன்பக்கம் குத்தி ஏறப் பற்கள் இல்லை, பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் ரப்பர் விலகிவிடும். அங்கே வேண்டியது, வளையாத அடிப்பாகம் கொண்ட காலணியில் இறுக்கிக் கட்டிய கிராம்பானும் கையில் பனிக்கோடரியும். கோடரி ஊன்றுகோல் மட்டுமில்லை. சறுக்கினால் உடம்பின் எடையை அதன் அலகின் மேல் சாய்த்துப் பனியைக் கீறி நிற்க வேண்டும். அதைப் பத்திரமான ஒரு சரிவில் நூறு முறை பழகியிராதவர் கையில் இருக்கும் கோடரி வெறும் சுமைதான். மைக்ரோஸ்பைக்கின் தீங்கு என்னவென்றால், மலையின் கீழ்ப்பாதியில் அது மிக நன்றாக வேலை செய்து, ஆளை மேல்பாதி வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

பின்பனிக் காலம் கண்ணுக்கு இனியது. மார்ச் முடிவில் பகல் நீண்டு, பள்ளத்தாக்கில் மஞ்சள் நார்சிசஸ் பூத்து, ஆட்டுக்குட்டிகள் துள்ளும். மேற்குச் சரிவிலும் கோடை வழிகளிலும் பனி அநேகமாகப் போயிருக்கும். இரண்டு மூன்று மாதங்களாகச் சேர்ந்து, உருகி, உறைந்து, எஞ்சியிருக்கும் பனி முழுவதும் ரெட் டார்ன் சுவரின் இடுக்குகளிலும், கடைசிச் சரிவின் மேல்பகுதியிலும், ஸ்விரல் எட்ஜின் தலைப்பிலுமாகத் திட்டுத்திட்டாக ஒதுங்கியிருக்கும். அளவில் மிகக் குறைவு, ஆனால் இருப்பது வழி போகும் இடத்தில். காலையில் கல்லாகவும் மதியத்தில் கூழாகவும் இருக்கும் இந்தத் திட்டுகள், வலுவிழந்து உடையும் கார்னிஸ்களின் கீழே கிடக்கின்றன. மீதி வழியெல்லாம் உலர்ந்த பாறையாக இருந்ததால் பல்லாணியைக் காரிலேயே விட்டுவந்தவர், ஐம்பது அடிப் பனித்திட்டு ஒன்றைக் கடக்க வேண்டிய நிலையில் நிற்பதை இங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் காணலாம்.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், ரெட் டார்ன் இருக்கும் இந்தக் குடைவில் டிசம்பர் மாதப் பனி ஜூன் வரை கிடக்கும் என்று 1805இல் ஒரு கவிதையில் எழுதினார். அந்தக் கவிதைக்குக் காரணமான சம்பவமும் பின்பனிக்கால இறுதியில்தான் நடந்தது. சார்ல்ஸ் கஃப் என்ற இளம் ஓவியர், அவ்வாண்டு ஏப்ரலில் தன் நாயோடு இந்த மலையைக் கடந்து கிராஸ்மியர் போகப் புறப்பட்டார். ஜூலையில் ஓர் இடையர் ரெட் டார்ன் அருகே அவருடைய எலும்புகளையும், பக்கத்தில் உயிரோடு இருந்த நாயையும் கண்டார். ஸ்ட்ரைடிங் எட்ஜிலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. நாயின் விசுவாசத்தைத்தான் வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் பாடினார்கள். 1890இல் முகடு உச்சி மேட்டைத் தொடும் இடத்தருகே எழுப்பிய நினைவுக் கல்லும் அதையே சொல்கிறது. மாதத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இன்றைய மிதமான குளிர்காலங்களில் ஜூன் வரை பனி தங்குவதை எதிர்பார்க்க முடியாது என்றாலும், ஏப்ரல் தொடக்கம் வரை கார்னிஸின் எச்சம் அந்த விளிம்பில் தொங்குவது புதிதன்று.

ஈஸ்டரோடு நாள்தோறும் வரும் அறிக்கை நின்றுவிடுவதால், அதன்பின் உள்ள சில வாரங்களுக்கு மலையை நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சரியான இடம் ரெட் டார்னின் கரை. ஏறத்தாழ 720 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நீரோரத்தில் நின்றால் இடப்பக்கம் ஸ்ட்ரைடிங் எட்ஜ், வலப்பக்கம் ஸ்விரல் எட்ஜ், நடுவே சுவர் என மூன்றும் ஒரே பார்வையில் விழும். முகட்டின் கூர்முனையைப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். அது கறுப்பாகத்தான் இருக்கும். இடுக்குக்கு மேலே உச்சி மேட்டைத் தொடும் அந்தக் கடைசிச் சரிவில் வெண்மை தொடர்ச்சியாக இருக்கிறதா, விட்டுவிட்டு இருக்கிறதா, அதன் மேல்விளிம்பில் நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நிழல் இருந்தால் விளிம்பு இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கிளென்ரிடிங்குக்குத் திரும்பும் பாதை அந்தக் கரையிலிருந்தே இறங்குகிறது.